கடைப் பொருளை வைத்தே எலுமிச்சைப் புட்டிங்: புதுச்சேரி, கடலூர் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

"மூன்றே பொருள், பத்தே நிமிடம்" என்று எலுமிச்சை இனிப்புச் செய்முறைகள் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் வேறு ஊர்ச் சமையலறைக்காக எழுதியவை. அங்கே எலுமிச்சை என்றால் கையை நிறைக்கும் பெரிய மஞ்சள் பழம். க்ரீம் என்றால் 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள க்ரீம். வெண்ணெயை மேசையில் வைத்தால் அப்படியே இருக்கும். நமக்குக் கிடைப்பது சின்ன நாட்டு எலுமிச்சை, 25 சதவீதக் க்ரீம், அக்னி நட்சத்திரத்தில் மதியம் வெண்ணெய் தானாகவே உருகி நிற்கும் சமையலறை. அந்தச் செய்முறையை அப்படியே இங்கே செய்தால் இறுகாது, அல்லது கசக்கும், அல்லது தண்ணீர் பிரியும். எது எதற்குப் பதில் எது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொள்ள எனக்கு நாளானது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓவன் வேண்டாம். முட்டை வேண்டாம். ஜெலட்டின் வேண்டாம். பிஸ்கட், வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க், க்ரீம் எல்லாம் கடையில் வாங்குவது. நாம் புதிதாகச் சேர்ப்பது எலுமிச்சையை மட்டும்தான். அதனால் நம் கவனம் முழுக்க அதில் இருக்க வேண்டும்.

## 1. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

எட்டு சின்னக் கிண்ணத்துக்கான அளவு இது:

- கண்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா (380 அல்லது 400 கிராம்)
- ஃப்ரெஷ் க்ரீம் 200 மி.லி.
- எலுமிச்சைச் சாறு 100 மி.லி. (பழம் ஏழெட்டு வாங்குங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்)
- மேரி பிஸ்கட் 150 கிராம்
- வெண்ணெய் 70 கிராம்
- முந்திரி உடைசல் ஒரு கைப்பிடி
- உப்பு ஒரு சிட்டிகை

செலவைப் பொறுத்தவரை, கண்டென்ஸ்டு மில்க்தான் பெரிய செலவு. சுமார் 130 முதல் 150 ரூபாய் வரை ஆகும். க்ரீம் 70 ரூபாய் வாக்கில். வெண்ணெய் 100 கிராம் பாக்கெட் 60 ரூபாய் வாக்கில், அதில் கொஞ்சம் மிஞ்சும். மேரி 30, 35. முந்திரி உடைசல் 50 கிராம் 35, 40 ரூபாய்க்குள் வந்துவிடும். எலுமிச்சை சீசனைப் பொறுத்தது. எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடியும், அதாவது கிண்ணம் ஒன்று ஐம்பது ரூபாய்க்குக் கீழே. விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இதை ஒரு தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்திரியை முழுப் பருப்பாக வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். எப்படியும் இடிக்கத்தான் போகிறோம். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, உடைசல் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். முழு முந்திரிக்கும் அதற்கும் ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிக்கு வாடை அடித்தால் வேண்டாம்.

## 2. எலுமிச்சை: எண்ணிக்கையை நம்பாதீர்கள், அளந்து ஊற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். செய்முறையில் "இரண்டு எலுமிச்சை" என்று இருந்தால் அது நம் ஊர்ப் பழத்தில் ஐந்தாறு. நம் நாட்டு எலுமிச்சை ஒன்றில் 15 முதல் 20 மி.லி. சாறு வரும். கோடையில் காய்ந்துபோன பழமென்றால் பத்தைத் தாண்டாது. இன்றைக்கு ஆறு பழத்தில் கிடைக்கும் சாறு அடுத்த வாரம் எட்டுப் பழத்தில் கிடைக்கலாம். அதனால் பழத்தை எண்ணாமல் சாற்றை அளக்க வேண்டும்.

அளவுக் கோப்பை இல்லையென்றால் பரவாயில்லை. ஒரு டேபிள் ஸ்பூன் 15 மி.லி. ஆறரை ஸ்பூன் ஊற்றினால் 100 மி.லி.க்குப் பக்கத்தில் வந்துவிடும். இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவு மூடி வீட்டில் இருந்தால் இன்னும் சரியாக அளக்கலாம், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது. புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு கூறில் இருப்பது மற்றவர்கள் பொறுக்கியது போக மிஞ்சியதுதான். கடலூர்க்காரர்களுக்கு உழவர் சந்தையும் திருப்பாப்புலியூர் பான்பரி மார்க்கெட்டும் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டில் வலைப்பையில் கட்டி வைத்திருக்கும் எலுமிச்சையை நான் வாங்குவதில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க முடியாது, நடுவில் இரண்டு கல்லு மாதிரி இருக்கும்.

எப்போது வாங்குவது. ஏப்ரல், மே மாதங்களில் ஜூஸ் கடைகளே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறும். 2022 கோடையில் ஒரு பழம் பத்து ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் மாலைக்கும் விளக்குக்கும் தேவை கூடும். மற்ற மாதங்களிலும் வெள்ளி, செவ்வாய் காலையில் வாங்காமல் திங்கள் அல்லது புதன் போனால் நல்ல பழமாகப் பொறுக்க நேரம் கிடைக்கும்.

எதைப் பொறுக்குவது. தோல் மெலிசாக, வழவழப்பாக, மஞ்சள் ஏறியதாக, அளவுக்கு மீறிக் கனமாக இருப்பது. மார்க்கெட்டில் ஓர் அம்மா கூறு கட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார்: "பச்சையா கல்லாட்டம் இருக்கறது ஊறுகாய்க்குப் போவும்மா. அமுக்கினா உள்ள போற மாதிரி இருக்கறத எடு, அதுலதான் சாறு." சொல்லிவிட்டு இரண்டு பழத்தை இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிக் காட்டினார். ஒரே அளவுதான், ஆனால் ஒன்று இறங்கியது. அந்தக் கனமே சாறு. தோல் தடித்துச் சொரசொரப்பாக இருப்பதை விட்டுவிடுங்கள். நாரத்தை, கொழுமிச்சை இரண்டும் இதற்கு ஆகாது, கசப்பு தூக்கிவிடும்.

பாட்டில் சாறு வேண்டாம். கடைப் பொருள்தானே என்று சிலர் பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாற்றையோ ஸ்க்வாஷையோ ஊற்றிவிடுகிறார்கள். ஸ்க்வாஷில் சர்க்கரையும் தண்ணீரும் இருப்பதால் புளிப்பு போதாமல் கலவை இறுகாது. பாட்டில் சாறு இறுக்கிவிடும், ஆனால் வாசனை இருக்காது. எலுமிச்சை உப்பும் அப்படித்தான். புளிப்பைத் தரும், பழத்தின் மணத்தைத் தராது. மற்ற எதில் வேண்டுமானாலும் குறுக்கு வழி போகலாம், எலுமிச்சையில் மட்டும் கூடாது.

## 3. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

ஒரே மாதிரி டப்பாக்கள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்த்தால் 200 ரூபாய் வீணாகாது.

கண்டென்ஸ்டு மில்க். டப்பாவில் இனிப்பூட்டப்பட்ட கண்டென்ஸ்டு மில்க் என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும். மில்க்மெய்டு, அமுல் மித்தாய் மேட் இரண்டில் எதுவும் சரி. எவாபரேட்டட் மில்க் என்று இருந்தால் அது வேறு பொருள். அதில் சர்க்கரை கிடையாது, எலுமிச்சை ஊற்றினால் திரிந்துவிடும். டப்பா நசுங்கியிருந்தால் வேறொன்று கேளுங்கள். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

க்ரீம். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். அது அடித்தால் பொங்காது. "நல்லா அடிங்க, நுரை வரும்" என்று ஒரு கடையில் என்னிடம் சொல்லியே விற்றார்கள். எவ்வளவு அடித்தாலும் அது பொங்க வழியில்லை, பொங்குவதற்கு 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு வேண்டும். நல்ல வேளையாக நம் இனிப்புக்குப் பொங்கவே தேவையில்லை, 25 சதவீதமே போதும். ஆக விலை கூடின விப்பிங் க்ரீமைத் தேடி அலையாதீர்கள். பேக்கரி சாமான் கடையில் உறைநிலையில் விற்கும் விப் டாப்பிங்கும் வேண்டாம். அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பு, ஏற்கெனவே இனிப்புச் சேர்த்தது. கண்டென்ஸ்டு மில்க்கோடு சேர்ந்தால் திகட்டும்.

வெண்ணெய். உப்புள்ள டேபிள் பட்டர் போதும். அப்படியென்றால் தனியாக உப்புப் போட வேண்டாம். உப்பில்லாத குக்கிங் பட்டர் என்றால் ஒரு சிட்டிகை சேருங்கள். மார்ஜரின் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், குளிர்ந்த பிறகு நாக்கில் மெழுகு போல ஒட்டும்.

சைவக் குறி. வீட்டில் முட்டை, ஜெலட்டின் சாப்பிடாதவர்கள் இருந்தால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பட்டியலில் உள்ளவற்றில் சாதாரணமாகப் பிரச்சினை வராது. ஆனால் மேலே அலங்கரிக்க ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வாங்கினால் பார்த்தே ஆக வேண்டும். கூடவே 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இருக்கிறதா, காலாவதித் தேதி எது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். க்ரீம் பாக்கெட்டைக் கடைக்காரர் வெயிலில் வைத்திருந்தால் தேதி என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

## 4. நேரத்தை முதலில் திட்டமிடுங்கள்

கை வேலை அரை மணி நேரம்தான். ஆனால் ஃப்ரிட்ஜில் குறைந்தது நாலு மணி நேரம் இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க இருந்தால் உத்தமம். ஞாயிறு மதியம் விருந்தாளி வருகிறார்கள் என்றால் சனி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு செய்து வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குப் பரிமாற நினைத்தால் அது கரண்டியிலிருந்து வழியும்.

இரவில் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. சமையலறை சூடு தணிந்திருக்கும், ஃப்ரிட்ஜை யாரும் அடிக்கடி திறக்க மாட்டார்கள். மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

க்ரீமையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் செய்வதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். க்ரீம் பாக்கெட்டை நிமிர்த்தி வையுங்கள், குலுக்காதீர்கள். கெட்டி மேலே நிற்கும், தண்ணியான பகுதி கீழே இறங்கும்.

## 5. பிஸ்கட் அடித்தளம்

மேரியை மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டினால் ரவை பதத்துக்கு வரும். மாவாக்கிவிடாதீர்கள். முந்திரியை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, இடித்துச் சேருங்கள். உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசையுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கிட்டத்தட்ட புட்டுக்கு மாவு விரவும் பதம். கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன் போட்டு டம்ளர் அடியால் அமுக்கி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மேரிக்குப் பதில் டைஜஸ்டிவ் போடலாம், விலை கூடும். ரஸ்க்கும் நன்றாக இருக்கும், ஆனால் வெண்ணெய் இன்னும் பத்துப் பதினைந்து கிராம் இழுக்கும். க்ரீம் பிஸ்கட் மட்டும் வேண்டாம்.

## 6. தோலைத் துருவுவது

சாறு பிழியும் முன் தோலைத் துருவ வேண்டும், பிழிந்த பிறகு பிடித்துத் துருவ முடியாது. மார்க்கெட் எலுமிச்சையில் தூசியும் மருந்தும் ஒட்டியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

மூன்று பழத்தின் தோல் போதும். துருவியின் மிகச் சின்னக் கண்ணில், அழுத்தாமல், ஒரே இடத்தில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் பழத்தைத் திருப்புங்கள். மேலே உள்ள மஞ்சள் படலத்தில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த வெள்ளைதான் கசப்பு. நாட்டு எலுமிச்சைக்குத் தோல் மெலிசு என்பதால் இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளை வந்துவிடும். பெரிய பழத்தை வைத்துக் காட்டும் வீடியோவைப் பார்த்து நாலைந்து தடவை தேய்த்தால் மொத்தக் கலவையும் கசந்துபோகும், அப்புறம் எவ்வளவு இனிப்புப் போட்டும் சரியாகாது.

துருவலை உடனே இரண்டு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க்கில் போட்டுக் கலந்து வைத்துவிடுங்கள். காற்றில் கிடந்தால் வாசனை போய்விடும்.

அடுத்து, பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, பாதியாக வெட்டிப் பிழியுங்கள். ரொம்ப அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கும், மிதமாகப் போதும். வடிகட்டி விதையை எடுத்துவிடுங்கள். அலுமினியப் பிழிவானில் பிழிந்தால் சாறு அதிலேயே நிற்காமல் உடனே கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கலக்குவதும் அதில்தான். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் புளிப்பு பட்டால் உலோக ருசி ஏறும்.

## 7. கலப்பது: வரிசை மாறக்கூடாது

அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் கண்டென்ஸ்டு மில்க்கை முழுக்க ஊற்றுங்கள். க்ரீம் பாக்கெட்டின் மேல் பகுதியை வெட்டிக் கெட்டியாக நிற்பதை ஸ்பூனால் எடுத்துப் போடுங்கள். அடியில் தண்ணியாக இருக்கும் இரண்டு, மூன்று ஸ்பூனை விட்டுவிடுங்கள், அது ரசத்துக்கோ குருமாவுக்கோ ஆகும். இரண்டையும் விஸ்க்கால் (கம்பி மத்து) கட்டியில்லாமல் கலக்குங்கள். துருவலைச் சேருங்கள்.

இப்போது சாறு. மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணை ஊற்றிக் கலக்கும்போது கலவை இன்னும் தண்ணியாகும். பயப்பட வேண்டாம். இரண்டாவது தவணையில் விஸ்க் கொஞ்சம் கனக்க ஆரம்பிக்கும். மூன்றாவதில் விஸ்க் போன பாதை கோடு கோடாக மேலே தெரியும், ஒரு நொடி நின்று மறையும். அந்தக் கோடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மொத்தமும் இரண்டு, மூன்று நிமிட வேலைதான். மிக்ஸியில் போட்டு ஓட்டாதீர்கள். சூடேறும், க்ரீம் பிரிந்து வெண்ணெயாகத் திரளத் தொடங்கும்.

அடுப்பே இல்லாமல் இது ஏன் கெட்டியாகிறது என்றால், பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் புளிப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பாலில் இதைச் செய்தால் பன்னீர் மாதிரி கட்டி தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரியும். கண்டென்ஸ்டு மில்க்கில் தண்ணீர் குறைவு, சர்க்கரை ஏராளம். அதனால் பிரியாமல் மொத்தமாக மழமழவென்று இறுகுகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, கலவை கெட்டியாக இருக்கிறதே என்று பால் ஊற்றி நீர்க்க வைக்கக் கூடாது, திரிந்துவிடும். இரண்டு, புளிக்குமே என்று சாற்றைப் பாதியாகக் குறைத்தால் இறுகாது. புளிப்புதான் இங்கே ஜெலட்டின் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. 80 மி.லி.க்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு ஸ்பூன் ருசி பாருங்கள். இப்போது கொஞ்சம் அதிகம் புளிப்பதாகத் தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த பிறகு புளிப்பு, இனிப்பு இரண்டுமே நாக்கில் அடங்கித் தெரியும்.

## 8. ஃப்ரிட்ஜில் வைப்பது

கிண்ணங்களில் ஊற்றி, மேல்பகுதியைத் தட்டிச் சமன் செய்து, கண்டிப்பாக மூடுங்கள். நம் கடலோர வீடுகளில் ஃப்ரிட்ஜில் ஏதாவது ஒரு தட்டில் மீன் இருக்கும், இல்லையென்றால் முந்தின நாள் குழம்பு இருக்கும். பாலும் க்ரீமும் பக்கத்தில் இருக்கும் வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். வஞ்சிரம் வாசனை வரும் எலுமிச்சைப் புட்டிங்கை யாரும் இரண்டாவது ஸ்பூன் சாப்பிட மாட்டார்கள். மூடி இல்லையென்றால் தட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள், நீர் வேர்த்துச் சொட்டும். க்ளிங் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள்.

நடுத்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். கதவில் வேண்டாம். அவசரமென்றால் முதல் 45 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கீழே இறக்கலாம். மறந்துவிட்டால் குல்ஃபி போல உறைந்துவிடும். அது கெட்டுப்போவதில்லை, குழந்தைகளுக்கு அதுவே பிடிக்கும்.

இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் பிஸ்கட் நமத்துப்போகும், ஓரத்தில் தண்ணீர் விடும்.

## 9. ஏதாவது தவறினால்

நாலு மணி நேரம் ஆகியும் வழிகிறது. பெரும்பாலும் சாறு குறைவு, அல்லது க்ரீமின் தண்ணியான பகுதியும் சேர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு ஸ்பூன் சாறு ஊற்றிக் கலக்கித் திரும்ப வையுங்கள். அப்போதும் இறுகவில்லையென்றால் ஃப்ரீசருக்கு மாற்றி ஐஸ் ஆகவே பரிமாறிவிடுங்கள்.

பொடிப்பொடியாகத் திரிந்தது போல இருக்கிறது. பால் சேர்ந்திருக்கும், அல்லது பாத்திரத்தில் தண்ணீர் இருந்திருக்கும், அல்லது க்ரீம் பழசு. லேசான திரிதல் என்றால் நைஸ் வடிகட்டியில் தேய்த்து இறக்கலாம். வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கசக்கிறது. துருவலில் வெள்ளை சேர்ந்துவிட்டது, அல்லது விதை நசுங்கியது. இதற்கு மாற்று இல்லை.

திகட்டுகிறது. க்ரீமில் பாதிக்குப் பதில் தொங்கவிட்ட தயிர் சேருங்கள். புதுச்சேரியில் பொன்லைட், கடலூரில் ஆவின் தயிர் அரை கிலோ வாங்கி மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நாலு மணி நேரம் வடியவிட்டால் தேவையான அளவு கிடைக்கும். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். என்னைக் கேட்டால், முழுக் க்ரீமில் செய்வதைவிட இந்தப் பாதிக்குப் பாதிதான் ருசி.

## 10. விசேஷத்துக்கும் வெளியூருக்கும்

மேலே சொன்னது கிண்ணத்திலேயே ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவதற்கானது. இருபது, முப்பது பேருக்கு, அதுவும் மொட்டை மாடியிலோ மண்டபத்திலோ என்றால் அது நிற்காது. அதற்குக் கடல்பாசி (அகர் அகர்) வழிதான் சரி. சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். நோன்பு மாதத்தில் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும். 10 கிராம் கடல்பாசியைப் பொடியாக நறுக்கி 300 மி.லி. தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நார்கூட இல்லாமல் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இறக்கி, அறைச் சூட்டில் இருக்கும் ஒரு டப்பா கண்டென்ஸ்டு மில்க்கில் ஊற்றிக் கலந்து, கடைசியாக 100 மி.லி. சாறும் துருவலும் சேர்த்து உடனே தட்டில் ஊற்றிவிடுங்கள். சாற்றைக் கொதிக்கும் கடல்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் இறுகும் சக்தி போய்விடும். இதற்கு மட்டும் கண்டென்ஸ்டு மில்க்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றக் கூடாது, கடல்பாசி அங்கங்கே கட்டி கட்டியாகிவிடும். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். அதனால் மே மாத மதியத்திலும் துண்டு துண்டாக நிற்கும். ருசி க்ரீம் வகை அளவுக்கு வராது, வாயில் கரைவதற்குப் பதில் கடிபடும். ஆனால் பந்தியில் வைக்க அதுதான் வசதி.

உருகாது என்பதால் கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுமே பால் பொருள். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவதென்றால் பஸ்ஸில் ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரம் தனி. தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், அதன்மேல் ஒரு துணி, அதன்மேல் இறுக்கமாக மூடிய டப்பாக்கள், மேலே இன்னும் கொஞ்சம் ஐஸ். மீன் கொண்டுவரும் பெட்டியைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. 50, 60 ரூபாய்க்குப் புதுப் பெட்டியே கிடைக்கும். போய் இறங்கியதும் பேச உட்காரும் முன் டப்பாக்களை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.